தொட்டியில் வைத்த தேயிலை வேர்

பக்கவாதம் வந்த பிறகு என் மனைவிக்குப் பேச்சு இல்லை, உடம்பும் அசையாது. கட்டிலுக்கு எதிரே இருந்த தொட்டியும் அதிலிருந்த ஐந்து தங்கமீன்களும்தான் பகலெல்லாம் அவளுக்குத் துணை.

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் பிடுங்கிக் குவித்திருந்த தேயிலை வேர்களில் அழகான ஒன்றைத் தொட்டிக்காக எடுத்தேன். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தடுத்தாள்.

“போன வாரந்தாங்க இங்க புல்லு மருந்து அடிச்சாங்க. மீனுக்கு ஆகாதுங்க ஐயா.”

“கழுவினா போயிரும்மா” என்றேன்.

பட்டையை உரித்து, வேகவைத்து, வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மனைவியின் சிரிப்பை அன்றே பார்த்துவிடும் அவசரம். ஒருமுறை வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் தொட்டியில் வைத்தேன். கோணிய வாயால் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் பதுளைக் கடைவீதிக்குப் போனேன்.

திரும்பியபோது ஐந்தும் மிதந்தன. அவள் தலையணை நனைந்திருந்தது. ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள். கூப்பிடக் குரல் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை.

“வேற மீனு வாங்கட்டுமாம்மா?” என்றேன். கண்களை மூடிக்கொண்டாள்.

தினமும் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னித்தாளா இல்லையா என்பதை அவளால் எனக்குச் சொல்ல முடியாது.