பதினோரு பேருக்கு மட்டும்

கணபதியில் தெருவுக்கு நாலு மோட்டார் கம்பெனி இருக்கும். அதில் ஒன்றில் கிளாடிஸ் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறாள். செப்புக் கம்பியை எந்திரம் சுற்றிக் கொடுக்கும். எங்காவது உரசியிருக்கிறதா என்று பார்த்து, மோட்டாரின் பள்ளங்களுக்குள் விரலால் அழுத்தி இறக்குவது அவள் வேலை. அவள் கை பட்ட மோட்டார்கள் உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புகளில் தண்ணீர் இறைக்கின்றன என்று முதலாளி வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைப் பொரி கொடுக்கும்போது சொல்வார். மற்ற நாளில் அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார், அவளும் எதிர்பார்க்க மாட்டாள்.

வயது ஐம்பத்திரண்டு. கணவர் பாக்கியராஜ் தனியார் பஸ் டிரைவர். ஒரே மகள் லின்சி, ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் கம்பெனி, இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் வாட்ஸ்அப். பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லும் குழுக்கள் அவள் போனில் ஏழெட்டு கிடந்தன. ஆனால் அவள் உயிரை வைத்திருந்தது ஒன்றே ஒன்றின் மேல்தான். சபைப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்து வைத்திருந்த ஜெபக் குழு அது. யாருக்கு என்ன கஷ்டமோ அதில் எழுதுவார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஜெபம் செய்வார்கள்.

அந்தக் குழுவை லேசாகப் பேசிவிட முடியாது. போன வருஷம் பாக்கியராஜுக்கு டெங்கு வந்து, பிளேட்லெட் பாதாளத்துக்குப் போய்விட்டது. ரத்தம் கொடுக்க நாலு பேர் உடனே வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கிளாடிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழுவில் ஒரு வரி எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு பேர் வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேரைத் தன் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தவள் அருள்செல்வி. பாக்கியராஜ் இன்றைக்கு பஸ் ஓட்டுகிறார் என்றால் அதற்கு அந்தக் குழுதான் காரணம். கிளாடிஸ் அப்படித்தான் நம்பினாள், அந்த நம்பிக்கையில் தப்பும் இல்லை.

இந்த அக்டோபரில் லின்சிக்கு லேபிலேயே வலிப்பு வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. டாக்டர் ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், கல்யாணம், குழந்தை எதற்கும் தடை இல்லை என்றார். ஜனவரியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அந்தியூர்க்காரன், பெயர் பிராங்க். திருப்பூரில் வேலை. நிச்சயம் முடிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் போனில் பேசிச் சிரிக்கிற சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வரும்போது லின்சி ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, பிராங்க் ஞாயித்துக்கெழம கோயமுத்தூர் வாராரு. நானே அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன் கண்ணு?" என்றாள் கிளாடிஸ்.

பொய் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் ஜெபக் குழுவை 'யாரிடமும்' என்ற கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அது ஆண்டவரிடம் சொல்வதுபோலத்தானே! மறுநாள் காலையில் குழுவில் எழுதினாள். 'என் மகள் லின்சிக்கு வேலை செய்யும் இடத்தில் வலிப்பு வந்துவிட்டது. ஜனவரியில் கல்யாணம். இனி ஒரு தடவைகூட வலிப்பு வரக் கூடாது என்று பாரத்தோடு ஜெபியுங்கள். வெளியே யாருக்கும் சொல்ல வேண்டாம்.'

பத்து பேரும் கைகூப்பிய படம் போட்டார்கள். அருள்செல்விக்குக் கைகூப்பிய படம் மட்டும் போதவில்லை. பிளேட்லெட்டுக்கு ஆள் பிடித்தவள் அல்லவா? ஊர் ஊராக மணிக்கணக்கு பிரித்துக்கொண்டு நாள் முழுவதும் இடைவிடாமல் நடத்தும் சங்கிலி ஜெபக் குழு ஒன்றில் அவளும் இருந்தாள். அதற்கு அந்தச் செய்தியை அனுப்பினாள். வெளியே சொல்ல வேண்டாம் என்ற கடைசி வரியை மட்டும் நீக்கிவிட்டுத்தான் அனுப்பினாள். அவ்வளவு கவனமான பெண்மணி.

வியாழக்கிழமை சங்கிலி தொடங்கியது. காலை எட்டு முதல் ஒன்பது கோவை. ஒன்பது முதல் பத்து சத்தியமங்கலம். பத்து முதல் பதினொன்று அந்தியூர். போகிற வழியில் செய்திக்குக் கைகால் முளைத்தது. சத்தியமங்கலம் தாண்டும்போது லின்சி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். எழுதியவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. விஷயம் பெரிதாக இருந்தால் ஜெபமும் பலமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை கிளாடிஸ் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பிராங்கின் அம்மா கூப்பிட்டார்.

"சம்பந்தி, சாப்பிட்டீங்களா?"

"இனித்தானுங்க. நீங்க?"

"ஆச்சுங்க. வியாழக்கெழம எங்க சபையில யாரோ ஒரு புள்ளைக்காக முழங்கால் போட்டு அழுதமுங்க. நானுந்தான் அழுதேன். பாவம், கல்யாணம் வெச்சிருக்கற புள்ளையாச்சேன்னு. ஜெபம் முடிஞ்சு எந்திரிச்சு பேரப் படிச்சா, நம்ம லின்சிங்க."

கிளாடிஸ் அடுப்பை அணைத்தாள். "அது அப்படியெல்லாம் இல்லீங்க. டாக்டரு ஒண்ணுமில்லைன்னு..."

"இருக்கட்டுமுங்க. புள்ள நல்லா இருக்கோணும். நாங்க எப்பவும் ஜெபம் பண்ணிக்கிட்டேதான் இருப்போம். கல்யாணம் மட்டும் வேண்டாமுங்க." மேலும் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, "வெச்சுடறேனுங்க" என்று சொல்லித்தான் வைத்தார். அந்தியூர்க்காரர்கள் மரியாதைக்குக் குறை வைக்க மாட்டார்கள்.

லின்சி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருகிட்டச் சொன்னீங்க?"

"யாருகிட்டயும் இல்ல கண்ணு. ஜெபக் குழுவுல மட்டும்தான்..."

"அதுல எத்தன பேரு?"

"பதினோரு பேரு."

"பதினோரு பேரு," என்று லின்சி திருப்பிச் சொன்னாள். தன் போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிராங்கிடமிருந்து ஒரே ஒரு வரி வந்திருந்தது. 'ஊரெல்லாம் தெரிஞ்சப்புறம் நான் தெரிஞ்சுக்கணுமா லின்சி?' அவனுக்காகப் பத்திரமாக வைத்திருந்த ரிப்போர்ட் பை டிவி மேல் இருந்தது. அதை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

கிளாடிஸ் குழுவில் போட்ட செய்தியை அழிக்கப் பார்த்தாள். எல்லோருக்கும் அழிக்கும் நேரம் தாண்டிவிட்டது, தன் போனிலிருந்து மட்டும் அழிக்கலாம் என்று காட்டியது. அழித்தாள். மிச்சமிருந்த மாவில் தோசை ஊற்றி பாக்கியராஜுக்கு வைத்தாள். தானும் சாப்பிட்டாள்.

அழுகை வரவில்லை. வரும் என்று ஒரு வாரம் பார்த்தாள்; வராமலே போய்விட்டது. சட்னியில் உப்பு இல்லை என்று பாக்கியராஜ் சொன்னால்தான் உப்பு இல்லை என்று தெரிந்தது. பல்லைப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது அல்லவா, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கம்பெனியில் கை மட்டும் தன்பாட்டில் வேலை செய்தது.

அருள்செல்வி கேக் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து அழுதாள். "நல்லதுக்குன்னு நெனச்சுத்தானுங்க அக்கா செஞ்சுபோட்டேன்." அது உண்மை. அதனால்தான் அவளைத் திட்டவும் முடியவில்லை. உள்ளறையில் பாக்கியராஜ் உயிரோடு இருமிக்கொண்டிருந்தார். கிளாடிஸ் கேக்கை வாங்கித் தட்டில் வைத்து அருள்செல்விக்கே ஒரு துண்டு கொடுத்தாள்.

கல்யாணம் நடந்திருக்க வேண்டிய ஜனவரி வந்தது, போனது. கேட்டது கேட்டபடி லின்சிக்கு மறுபடி வலிப்பு வரவே இல்லை. குழு அதைக் கவனிக்காமல் விடுமா? ஜெபம் கேட்கப்பட்டது, சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கிளாடிஸ் எழுந்து நின்று மைக்கில் மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். லின்சி அங்கே இல்லை. அவள் நவம்பரிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் அம்மாவிடம் சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், கூட மாட வேலை செய்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட கிளாடிஸுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பிப்ரவரியில் ஒரு நாள், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜை சாந்தாமணி டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்: "ஏனுங்க்கா, பாப்பாவுக்கு பெங்களூருல வேல கெடச்சிருச்சாமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க!"

கிளாடிஸுக்கு முதலில் புரியவில்லை.

"காத்தால ஸ்டேட்டஸ்ல போட்டிருந்துச்சுங்க. நீங்க பார்க்கலீங்களா?" சாந்தாமணிக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுப்பது லின்சிதான், அதனால் நம்பர் வைத்திருந்தாள். போனை நீட்டிக் காட்டினாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை உத்தரவு. அதன் கீழே, 'திங்கள் முதல் பெங்களூரு'. லின்சியின் சிரித்த படம் ஒன்று. அந்தச் சிரிப்பைப் பார்த்து நாலு மாசம் ஆகியிருந்தது.

கிளாடிஸ் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அருள்செல்வியின் ஸ்டேட்டஸ் இருந்தது. போதகரின் மனைவி ஆயரம்மாவுடையது இருந்தது. மகளுடையது இல்லை.

"உங்களுக்கு நெட்டு வரலையாட்ட இருக்குது," என்றாள் சாந்தாமணி.

நெட்டு நன்றாகத்தான் வந்தது. வேண்டாதவர் கண்ணுக்குப் படாமல் ஸ்டேட்டஸ் போட ஒரு வழி உண்டு என்பது கிளாடிஸுக்குத் தெரியும். பாக்கியராஜின் தங்கை கண்ணில் படாமல் அவளே எத்தனையோ போட்டிருக்கிறாள். "ஆமா அம்மணி, நெட்டுதான் வரல. எனக்கு முன்னாலயே தெரியும்," என்று சொல்லி டப்பாவை மூடினாள். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். நூறு, இருநூறு பேர் இருக்கலாம். அத்தனை பேருக்கும் சொல்லலாம், அவளுக்கு மட்டும் சொல்லக் கூடாது.

பொழுதோடு வீட்டுக்குப் போனபோது லின்சி கட்டிலில் உட்கார்ந்து சுடிதார்களை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. பீரோவிலிருந்த ரிப்போர்ட் பை பெட்டியின் அடியில் இருந்தது.

கிளாடிஸ் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். "பெங்களூராமா?"

"யாரு சொன்னா?"

"சாந்தாமணி."

"ம்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏங்கண்ணு, எங்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லல?"

லின்சி கோபமே இல்லாமல் நிமிர்ந்து பார்த்தாள். துப்பட்டாவை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"சொன்னா ஜெபம் பண்ணுவீங்கம்மா," என்றாள்.

சமையலறையில் கிளாடிஸின் போன் சத்தம் போட்டது. ஜெபக் குழுவின் சத்தம்; அதற்கென்று அவள் தனியாக வைத்திருந்த மணி. யாருக்கோ அவசரமாக ஜெபம் வேண்டியிருந்தது. அவள் எழுந்து போகவில்லை.