மரத்தடியில் கேட்ட பேர்

கண்ணுகளா, புதூர்நாட்டில் நான் ஜீப் ஓட்டிய நாளில், சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவரை ஏற்றிப் போவேன். யார் நிலத்தில் இறங்கினாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைப்பார். அவ்வளவு மரியாதை.

எங்கள் மலையில் நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் புளியமரம் இன்னொருவருடையது என்று இருக்கும். ஊர் ஒத்துக்கொண்ட வழக்கம். ஒரு அண்ணன் நிலத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதில் நின்ற புளியமரம் தன்னுடையதாகவே இருக்கும் என்று அவர் தங்கச்சி நம்பிவிட்டார். அந்தப் புளிதான் அவருக்குச் சோறு.

"வெயிலா இருக்குது, இப்படி வாங்கம்மா," என்று புரோக்கர் அந்த மரத்தடிக்கே அவரை அழைத்தார். "இதோட நெழலு பேனல் மேல விழும்மா. நாளைக்கு வெட்டிடுவாங்க."

"மரம் என்துங்க."

"பத்திரத்துல அப்படி இல்லியேம்மா."

"அப்ப நான் இன்னாத்த உலுக்கித் தின்றது?"

"பேனல் தொடைக்க ஆள் எடுக்கறாங்க. பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அந்த அம்மா பேரைச் சொன்னார். பிழை வராமல் இரண்டு முறை கேட்டுப் புரோக்கர் எழுதிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது, உபகாரம் செய்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அது நிஜமான சந்தோஷம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.