ஜனாஸாச் செய்தியும் இரண்டு கம்பனிகளும்

கல்முனையில் ‘புரொடக்ட் மெனேஜர்’ என்று விசிட்டிங் கார்ட் அடித்து வைத்திருந்த முதல் ஆள் நான்தான். யாராவது மறுப்பதென்றால் தன்னுடைய கார்டைக் கொண்டுவந்து காட்டட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிப் பெருமை போய்விடும்.

அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்.

“இது என்ன வேல?”

“கம்பனி என்ன சாமான் செய்யோணும் எண்டு முடிவெடுக்கிற வேல.”

“நீங்க முடிவெடுத்தா அவங்க கேப்பாங்களா?”

“கேப்பாங்க” என்றேன். அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன்.

சுனாமிக்கு முன்னர் சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுத்துக் கொடுப்பேன், போன் திருத்துவேன். அதற்கு முன்னர் ரேடியோவும் டீவியும். ஒரு வாத்தியாரிடமும் படிக்கவில்லை; கழற்றிப் பார்த்துப் பழகினேன். கடல் வந்த அன்று நான் போன் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தேன். உடைந்த பாதைகளைச் சுற்றிச் சுற்றி ஊருக்கு வந்து சேர்ந்தபோது என் ராத்தாவை, என் ஒரே அக்காவை, அடக்கிவிட்டார்கள். பலரை ஒன்றாக வைத்த குழிகள். எந்தக் குழி என்று காட்ட ஆளில்லை. மூன்று பிடி மண் போடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. கடையும் போயிற்று. கடை போனதைப் பற்றி நான் யாரிடமும் முறைப்பட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கொழும்புக் கம்பனி வந்தது. ஆட்களின் போனுக்குச் செய்தி அனுப்பும் சேவை அவர்களுடையது. கம்பனியை நடத்தியவர் என் மூத்த மகனின் வயதுப் பொடியன், கொழும்புத் தமிழ் கதைப்பவர், என்னை ‘அங்கிள்’ என்பார். எங்கள் கரைக்கு என்ன செய்தி விற்கலாம் என்று பார்க்க வந்திருந்தார். ஊரில் போனைப் பற்றித் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்து என்னிடம் வந்தார். வேறு யாரிடம் போவார்?

“அங்கிள், மீன் விலை அனுப்பினா எப்படி?”

“கரைவலை இழுக்கிறவன் கரையில நிண்டே விலைய கேட்டுருவான் தம்பி.”

“அப்ப என்னத்த அனுப்பலாம்?”

“மௌத்து.”

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஆர் மௌத்தான, எத்தின மணிக்கு அடக்குற. இந்த ரெண்டயும் அனுப்புங்க. மத்தத நான் பாக்கிறன்” என்றேன்.

எங்களில் மையித்தை, மௌத்தானவரின் உடலை, வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இல்லை. காலையில் மௌத்தானால் பின்னேரம் அசர் தொழுகைக்குள் அடக்கிவிடுவோம். பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பார்கள். அந்த மைக் எட்டும் தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கும். லொறி ஓட்டப் போனவனுக்கும், அம்பாறையில் அரசாங்கக் கந்தோரில் இருப்பவனுக்கும், தோஹாவில் வேலை செய்பவனுக்கும் கேட்காது. அவர்கள் வந்து பார்ப்பது மண்மேட்டை மட்டும்தான். பொடியன் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு எனக்கு வேலை தந்தார். கார்ட் அடித்தது அப்படித்தான்.

சேவை சரசரவென்று பிடித்தது. நிந்தவூர், மருதமுனை, அட்டாளைச்சேனை என்று பள்ளிவாசல் பள்ளிவாசலாக நானே போய்ப் பேசினேன். ஒரு மௌத்து நடந்தால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் எனக்குச் சொல்வார். நான் அந்த வீட்டுக்கே போன் எடுத்து உறுதிப்படுத்துவேன். வீட்டு ஆள் வாயால் சொல்லாமல் ஒரு செய்தியும் போகாது. அது என் சட்டம். அந்தக் காலத்துப் போன்களில் தமிழ் எழுத்துச் சதுரப் பெட்டிகளாக விழும் என்பதால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுத என்னை வெல்ல ஆளில்லை.

ஆனால் ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்துத்தான் இடம். அதற்குள் ஒரு மனுஷனின் மௌத்தை அடக்குவது எவ்வளவு பாடு என்று படித்தவர்களுக்கும் தெரியாது. ஒரு முறை ஒரு ஜனாஸா வீட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே உம்மாவைக் குளிப்பாட்டுகிறார்கள், வெளியே மகன் என்னோடு எழுத்துக்குச் சண்டை.

“காக்கா, சின்ன மருமகன் பள்ளிக்கூட அதிபர் எண்டு போடுங்க.”

“இடமில்ல மனே.”

“மூத்த மருமகன்ட பேருக்கு மட்டும் எங்கால இடம் வந்த? நாளைக்கு இவர் எங்கட வாசல மிதிப்பாரா?”

அன்றோடு மருமகன்மார் எல்லாரையும் நீக்கினேன். மௌத்தானது யார், எந்தப் பள்ளிவாசல் ஜமாஅத், எத்தனை மணிக்கு அடக்கம், எந்த மையவாடியில். அவ்வளவுதான். ஊர் முழுக்க ஏசியது. சட்டம் நின்றது. கம்பஸ் முடித்துப் பட்டத்தோடு வந்தவர்கள் எடுத்த எந்த முடிவையும்விட அது நல்ல முடிவு என்று இன்றைக்கும் சொல்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் கௌரவமான வேலை. உள்ளே களைப்பு. எழும்பினால் போன், தொழுதுவிட்டு வந்தால் போன். ‘எனக்கு வரல்ல’, ‘ரெண்டு தரம் வந்த’, ‘பேர் பிழை’. கொழும்பில் கம்பியூட்டருக்கு முன்னால் இருக்கும் பொடியன்மாரிடம் ஒரு சின்ன மாற்றம் கேட்டால், ‘அங்கிள், ரெண்டு கிழம’ என்பார்கள். இரண்டு கிழமை கழித்துக் கேட்டாலும் அதே இரண்டு கிழமை. இன்னும் இல்லாத ஒன்றை வரும் வரும் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும், அது எப்போது வரும் என்று கம்பனியைக் கெஞ்ச வேண்டும். நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்தாலும் ஏச்சு.

அப்படிக் களைத்திருந்த ஒரு நாள் ஒரு லொறிக்காரர் வீட்டுக்கு வந்தார். அவருடைய வாப்பா மௌத்தான செய்தி அவருக்கு வாழைச்சேனைக்கு அப்பால் வைத்துக் கிடைத்ததாம். லொறியைத் திருப்பிவிட்டார். யுத்த காலம், சோதனைச்சாவடியில் மறித்து, சாமானையெல்லாம் இறக்கச் சொன்னார்களாம். போனைக் காட்டினாராம். ஆங்கில எழுத்தில் இருந்தபடியால் ஆமிக்காரர் ‘ஜனாஸா’ என்ற சொல்லை வாசித்துப் போகவிட்டாராம். மையித்தை வைத்துச் சந்தூக்கைத் தோளில் தூக்கும் நேரம் வந்து சேர்ந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய நகத்துக்குள் மையவாடி மண் இருந்தது. அன்று எனக்கு ராத்தாவின் நினைவு வந்தது. இந்தச் சேவை நிற்கக் கூடாது, நான் இருக்கும்வரை நிற்க விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன. பெரிய கம்பனிகள் எல்லாம் எங்கள் பக்கம் பலகை நாட்ட வந்தன. எங்கள் சின்னக் கம்பனியையும் பெரிய ஆட்கள் வாங்கினார்கள். பொடியன் ஒரு நாள் முகம் வாடி வந்தார்.

“அங்கிள், ஜனாஸா மெசேஜால கம்பனிக்கு ஒரு பிரயோசனமும் இல்லையாம். கீழ ஒரு விளம்பரம் போடணுமாம். இல்லாட்டி நிப்பாட்டணுமாம்.”

“எத்தின எழுத்து?”

“அம்பது.”

“அப்ப என்னத்த வெட்டுற? அடக்குற நேரத்தயா, மையவாடியயா?”

அவர் விரல்விட்டு எழுத்துகளை எண்ணத் தொடங்கினார்.

“என்ன விளம்பரம்?”

“முதல்ல ரிங்டோன்.”

நான் சிரித்துவிட்டேன். அவரால் சிரிக்க முடியவில்லை. “எனக்கும் மேல ஆக்கள் இருக்காங்க அங்கிள்” என்றார். நல்ல பிள்ளை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் வேறொரு கம்பனி என்னைக் கூப்பிட்டது. நேர்முகப் பரீட்சையில் என் புதிய மேலாளராக வரவிருந்த பெண் இருந்தார். சிங்களப் பிள்ளை, கெட்டிக்காரி. நான் கதைத்தது சந்தைச் சிங்களம். அவர் பொறுமையாகக் கேட்டார். சான்றிதழ் எதையும் கேட்கவில்லை. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: ஜனாஸாச் செய்தி இங்கேயும் வர வேண்டும், விளம்பரம் இல்லாமல். கட்டாயம் செய்வோம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வேலை மாறினேன். மகளுக்கு வீடு பாதி எழும்பி நின்றது என்பதும் உண்மை. எங்கள் பக்கம் வீடு கொடுக்காமல் மகளுக்கு மாப்பிள்ளை எடுக்க ஏலாது. கல்யாணத்துக்குப் பிறகு ஆம்பிளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். நானும் அப்படி வந்தவன்தான்.

கொழும்புக்குப் போகவா என்று மனைவியிடம் கேட்டதற்கு அவள் அதைத்தான் சொன்னாள். “நான் வீட்டுக்காரி. நீங்க வந்த ஆள்தானே. வந்த ஆள் போறத்துக்கு என்ன கேள்வி?” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சாரனை மடித்து பேக்கில் வைத்துக்கொண்டே, “மறுகா எப்ப வாறயள்?” என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

பழைய கம்பனியில் சேவை ரிங்டோனோடு கொஞ்ச நாள் ஓடியது. மோதினார் எனக்குப் போன் எடுத்தார். “மையித்துக்குக் கீழ பாட்டு விக்கிறாங்க காக்கா. நான் இனி அவங்களுக்குச் சொல்லமாட்டன்.” மற்றப் பள்ளிவாசல்களும் சொல்வதை விட்டன. சேவை நின்றது. “புதுக் கம்பனில வருது, பொறுங்க” என்றேன்.

கொழும்பு தெமட்டகொடையில் தங்க ஒரு அறை. ஒவ்வொரு காலையும் காரியாலயத்தில் நின்றுகொண்டே கூட்டம். உட்கார்ந்தால் கூட்டம் நீளும் என்று நிற்க வைத்தார்கள். நின்றும் நீண்டது, என் முழங்கால் சாட்சி. சுவரில் மஞ்சள் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துண்டும் நாங்கள் செய்யப்போகும் ஒரு வேலை. மேலே இருப்பது முதலில் நடக்கும். ‘ஜனாஸா’ என்று நானே என் கையால் தமிழில் எழுதி ஒட்டினேன். பரீட்சை முடிவு மேலே போனது. கிரிக்கெட் மேலே போனது. ராசிபலனும் மேலே போனது. என் துண்டை ஒருவரும் கிழிக்கவில்லை. கீழே இறக்கினார்கள், அவ்வளவுதான்.

ஊரில் மௌத்துகள் சுவரைப் பார்த்து நடப்பதில்லை. மோதினார் பழக்கத்தில் எனக்கே போன் எடுத்துக்கொண்டிருந்தார். நான் என் சொந்தப் போனில் தெரிந்த நாலு பேருக்கு அனுப்பினேன். அவர்கள் சொல்லி வேறு ஆட்கள் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முழுச் சேவையும் என் பெருவிரலுக்கு வந்துவிட்டது. கூட்டத்தில் ராசிபலனைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள், நான் முதுகுக்குப் பின்னால் ஒலுவில் ஊர் மௌத்து ஒன்றை அனுப்பிக்கொண்டிருப்பேன். எழுத்து மங்கும். விரல் மரத்துப்போகும். ஒரு கம்பனியே செய்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம். சொல்கிறேன்தான். ஆனால் அந்த நாட்களில் பெருமைப்படவும் எனக்குத் தெம்பிருக்கவில்லை.

ஒரு நாள் மேலாளர் பிள்ளை கூட்டம் முடிந்ததும் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மருதமுனையில் ஒருவர் மௌத்து என்றேன். முகம் மாறிவிட்டது. உங்கள் சொந்தக்காரரா என்றார். இல்லை என்றேன். சுவரில் கீழே இருந்த என் துண்டைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: அது வராது. இந்த வருஷமும் வராது, அடுத்த வருஷமும் வராது. நான் கேட்டுப் பார்த்தேன், மேலே விடவில்லை. உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும். இனிக் கூட்டத்தில் போனை எடுக்காதீர்கள், உங்களைக் காப்பாற்ற என்னால் முடியாது.

நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் சண்டை பிடிக்கவில்லை. இன்னொரு கம்பனிக்கு மாறி, இன்னொரு நிபந்தனை வைத்து, இன்னொரு சுவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகளின் வீட்டுக்குக் கூரையும் போட வேண்டியிருந்தது. மோதினாருக்குப் போன் எடுத்தேன்.

“இனி எனக்குச் சொல்லவேணாம் தம்பி. நான் நிப்பாட்டுறன்.”

“என்ன காக்கா இது? அப்ப நீங்க மௌத்தானா ஆர் அறிவிக்கிற?”

“நீங்க மைக்குல சொல்லுங்க.”

“மைக்கு கொழும்புக்குக் கேக்காதே.”

“நான் கொழும்புல மௌத்தாக மாட்டன், போனை வைங்க.”

இருவரும் சிரித்தோம். அதன் பிறகு எல்லாருக்கும் ஒரு கடைசிச் செய்தி அனுப்பினேன்: இந்த நம்பரிலிருந்து இனி ஜனாஸா அறிவித்தல் வராது, பள்ளிவாசலில் விசாரித்துக்கொள்ளவும். அடுத்த நாள் போன் சும்மா கிடந்தது. கூட்டத்தில் முழுக் கவனத்தோடு நின்று, கிரிக்கெட் செய்தியை எப்படி நன்றாக விற்கலாம் என்று கதைத்தேன். நல்ல யோசனை என்றார்கள். நல்ல யோசனைதான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வீட்டு வளவில் வெயிலுக்குத் தறப்பாள் கட்டிக் கதிரை போட்டிருந்தது. அந்த வீட்டு மூத்தவர் அந்தக் கிழமைதான் மௌத்தாகியிருக்கிறார். நாற்பது வருஷம் என்னோடு ஒரே ஸப்பில், ஒரே வரிசையில் நின்று தொழுத மனுஷன். மனைவியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நான் உங்களுக்குச் சொல்லோணுமா? எல்லாருக்கும் நீங்கதானே சொல்ற” என்றாள்.

போனேன். அவருடைய மகன் எழும்பி ஸலாம் சொன்னார்.

“சந்தூக்கத் தூக்குற வரைக்கும் உங்கள எதிர்பாத்த காக்கா.”

“எனக்குத் தெரியா மனே.”

“மெசேஜ் நிப்பாட்டின தெரியும். ஆனா உங்களுக்குமா தெரியாமப் போகும்?”

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “ஊரார்ர மௌத்தெல்லாம் அவருக்குத் தெரியும். எங்கட வாப்பாட மௌத்து மட்டும் தெரியாதாம்.”

மகன் சங்கடப்பட்டு ஒரு கதிரையை இழுத்துத் தந்தார். கொழும்பு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதுவரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.