ஏசி சொட்டிய தண்ணீரில் விழுப்புரம் வரை

காலை 8.40. திண்டிவனம் மேம்பாலத்தடியில் கிளம்பினேன். விழுப்புரம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் ஐம்பது நிமிடம். மதியம் ஒரு மணிக்கு அத்தை வீட்டில் சாப்பாடு. எட்டு மணி பஸ்ஸிலேயே போய்விட்ட அப்பா, போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"நடுவுல எங்கியும் நிக்காம ஒரு மணிக்குள்ள வந்து சேரு. நாளைலேர்ந்து வேலைக்கு இந்த வண்டிலயே போ. நின்னுச்சின்னா வித்துட்டு பஸ் பாஸ் எடுத்துக்கோ."

நாளை விழுப்புரத்தில் எனக்கு முதல் வேலை, முதல் நாள். வண்டி, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய பழைய இருநூறு சிசி பைக். எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் வகை. முன்சக்கரத்துக்குப் பின்னால் தேனடை மாதிரி ஒரு ரேடியேட்டர். ஒரு மணியாவது, பத்து மணிக்கே போய் அத்தை கையால் காபி குடிக்கிறேன் பார் என்று முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலை காலி. இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகள் பச்சையாகப் பின்னால் வழுக்கிப் போயின. சித்திரை வெயிலில் தூரத்துத் தார்மேல் தண்ணீர் தேங்கினாற்போல ஒரு மினுக்கல். கிட்டப் போகப் போக அது தள்ளித் தள்ளிப் போனது. அரைத் தூக்கத்தில் துரத்துகிற மாதிரி அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். மீட்டரில் எஞ்சின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எப்போது எரிந்ததோ, சத்தியமாகத் தெரியாது.

9.00. கூட்டேரிப்பட்டு, பதிமூன்றாவது கிலோமீட்டர். கால்களுக்கு நடுவிலிருந்து ஆவி கிளம்பியது. ஒரு ஏடிஎம்முக்குப் பக்கத்தில் ஷட்டர் இறக்கிய மெக்கானிக் கடை. நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவும், சர்ச்சில் பூசை முடிந்து மனைவியோடு மொபெட்டில் வந்த கடைக்காரர் கத்தவும் சரியாக இருந்தது.

"கைய எடும்மா! கொதிச்சிகினு இருக்குது, தொறந்தா மூஞ்சி வெந்துடும்!"

அவர் பெயர் சகாயம். மனைவி ரீத்தா. வண்டி ஆறியதும் அவரே மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஒரு கம்பியால் உள்ளே சுரண்டினார். கம்பி நுனியில் வெள்ளையாக உப்பு.

"இன்னா தண்ணி ஊத்தினே?"

"வீட்டு போர் தண்ணிண்ணா."

"அந்தத் தண்ணில பருப்பு வேவுமா?"

"வேகாது. அம்மா கேன் தண்ணிலதான் வேகவைப்பாங்க."

"பருப்புக்கு கேன் தண்ணி, எஞ்சினுக்கு போர் தண்ணி. இன்னா படிச்சிருக்கே?"

"பி.இ. மெக்கானிக்கல்."

ரீத்தா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "பூசைக்குப் போன வெள்ளச் சட்டையோட கை வெச்சீங்க, நான் தொவைக்க மாட்டேன்" என்றார்.

"கேட்டுகினியா? வாய் என்னுது, கை உன்னுது" என்று சகாயம் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணன் சொன்னபடி மளிகைக் கடையில் இருபது ரூபாய்க்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வாங்கி வந்தேன். அக்கா கொடுத்த வெந்நீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி, பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்துத் திறந்துவிட்டேன். முதல் தடவை டீ நிறத்தில் வந்தது. இரண்டாம் தடவை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. அதில் சுவர்ச் சுண்ணாம்பு உரிந்தாற்போல வெள்ளைச் செதில்கள் மிதந்தன. இரண்டு வருடமாக நானே ஊற்றிய உப்பு.

11.15. இனி உப்பே இல்லாத தண்ணீரால் அலச வேண்டும். அப்படிப்பட்ட பேட்டரித் தண்ணீர் விற்கிற கடை லீவு. அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. ஏடிஎம் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாதாம்; அதற்கென்றே குழாயின் கீழே பக்கெட் வைத்திருக்கிறாராம். போய்ப் பார்த்தால் பக்கெட் காலி.

"அத காலைல ரோஜாச் செடிக்கு ஊத்திட்டேனே" என்றார் அக்கா.

"பேஜாரு" என்றார் அண்ணன்.

நாலு லிட்டர் வேண்டும். குழாயோ யோசித்து யோசித்து ஒரு சொட்டு விட்டது. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு நுனியில் திரளும், அதற்குள் தலைகீழாக ஒரு சாலை தெரியும், ஒரு குட்டி லாரி போகும், விழும். அடுத்த சொட்டு, அடுத்த லாரி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அப்பாவும் ஒரு மணியும் எங்கோ வேறொருத்தியின் கவலையாகிப் போனார்கள்.

12.10. மயிலம் கோயிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோ டயர் மாற்ற நின்றது. ஒன்பது பெண்கள் இறங்கி, வெயில் தாங்காமல் மொத்தமாக ஏடிஎம்முக்குள் புகுந்தார்கள்.

"போவட்டும். உள்ள வேர்வையும் மூச்சுக்காத்தும் சேரச் சேர இங்க ஊறும்" என்றார் அண்ணன்.

நிஜமாகவே சொட்டு வேகமெடுத்தது. பிறகு நூலாக இறங்கியது. டிரைவர் ஹாரன் அடிக்கவும் நான் ஓடிக் கதவில் நின்றேன்.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷம் உள்ளயே இருங்கக்கா!"

"ஏன்டி, உனக்கு இன்னா லாபம்?"

"நீங்க மூச்சு விட்டாதான் என் வண்டி ஓடும்."

உள்ளே ஒரே சிரிப்பு. "மூச்சுதானே, காசா பணமா? விடுங்கடி நல்லா!" என்றாள் ஒருத்தி. ஒன்பது பேரும் ஹா, ஹா என்று ஊதினார்கள். பக்கெட் நிறைந்தது.

அலசி, புது கூலன்ட் கலந்து ஊற்றி முடிக்கையில் மணி ஒன்று பத்து. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார் அண்ணன். அப்பாவின் நிபந்தனையை அக்காவிடம் சொன்னேன். "பஞ்சர்னு சொல்லிடு, உங்கப்பா போயா பாக்கப் போறாரு?" என்றார் அக்கா. நல்ல யோசனை. விக்கிரவாண்டி தாண்டி, முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனைக்குள் நுழைந்து வெளியேறும் வரை அந்தப் பொய்யை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். விளக்கு எரியவேயில்லை. வண்டி மிதந்தது.

1.55. விழுப்புரம். அப்பா சாப்பிடாமல் கேட்டில் நின்றிருந்தார்.

"நின்னுச்சா?"

பஞ்சர், நாக்கு நுனியில் இருந்தது. "நின்னுச்சிப்பா. நாலு மணி நேரம்."

"அப்பவே சொன்னேன், வண்டி சரியில்லன்னு."

"வண்டி நல்லாதான் இருக்குது. நான்தான் நம்ம போர் தண்ணிய ஊத்தி ஊத்திக் கெடுத்துட்டேன்."

அப்பா வண்டியைப் பார்த்தார். என் கையிலிருந்த வெள்ளைக் கறையைப் பார்த்தார்.

"வண்டி மேல தப்புன்னா வித்துடலாம். உன் மேல தப்புன்னா உன்ன எவன் வாங்குவான்? உள்ள வா, சோறு ஆறுது."

விழுப்புரம் எப்படி இருந்தது என்று கேட்டால், அத்தை வீட்டு வத்தக்குழம்பு தவிர ஒன்றும் சொல்லத் தெரியாது. ஊர் சுற்றியது எல்லாம் கூட்டேரிப்பட்டில் ஒரு பெயிண்ட் டப்பாமேல்தான்.

மாலை ஐந்து மணிக்கு அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி என் பின்னால் ஏறினார். "அந்தச் சிவப்பு லைட்டு எங்க எரியும்?" காட்டினேன். திண்டிவனம் வரை என் தோளுக்கு மேலே எட்டி அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.