இன்னொருக்கா நவரத்தினம்

முதலில் தொடையில் ஒரு தட்டு. அடுத்த கணமே, "இன்னொருக்கா!" பக்கத்தில் இருப்பவர் கையில் தேநீர் இருந்தால் பாதி அவர் மடியில். நவரத்தினம் கவிதை கேட்கும் முறை இதுதான். நல்ல வரி ஒன்று காதில் விழுந்துவிட்டால் மனிதருக்குப் பொறுக்காது. அது திரும்ப வரவேண்டும், இப்போதே வரவேண்டும்.

கவியரங்கத்தில் முன்வரிசைக்காரர்கள் "திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்பதும், கவிஞர் உள்ளூர மகிழ்ந்து திருப்பிச் சொல்வதும் நமக்குத் தெரிந்த வழக்கம்தான். அதை ஜெர்மனியின் ஒஸ்ட்சே என்னும் பால்டிக் கடலோரத்தில், ஒரு சின்னப் பட்டணத்தில், தனி ஆளாக ஒருவர் கட்டிக் காப்பது லேசான காரியமா? அவருக்குக் கவிதை மட்டும் என்றும் இல்லை. நாளைக்கு வெயில் என்று வானொலி சொன்னாலும் இன்னொருக்காதான். அவருடைய சிநேகிதி லூர்தம்மாவின் மகளுக்குத் தேவாலயத்தில் கலியாணம் நடந்தபோது, ஜெர்மன் மாப்பிள்ளை கண்கலங்க "யா" என்று சம்மதம் சொன்னார். தொடையில் தட்டு விழுந்தது, குரலும் எழுந்தது. ஒன்றும் விளங்காத மாப்பிள்ளை எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாம் தரமும் "யா" சொல்லிவைத்தார். "அதாலைதான் அந்தக் கலியாணம் இறுகி நிக்குது" என்பார் நவரத்தினம்.

அவருடைய தொழில், கடற்கரையில் வாடகைக்கு விடும் பிரம்புக் கூடை இருக்கைகளைப் பார்த்துக்கொள்வது. இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம். தலைக்கு மேல் கூரை, முதுகுக்குப் பின்னால் பிரம்புச் சுவர். காலையில் ஒவ்வொன்றாகப் பூட்டுத் திறந்து, மணல் தட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டித் திருப்பி வைப்பார். விடுமுறைக்கு வந்தவர்கள் தாங்களாக இருக்கையைத் திருப்பினால் பிடிக்காது. "சனத்துக்கு வெயில் எந்தப் பக்கமெண்டு தெரியாது. நான்தான் காட்டவேணும்."

குளிர்காலத்தில் கூடைகள் எல்லாம் ஒரு கொட்டகைக்குள் ஏறிவிடும். ஞாயிறு பின்னேரங்களில் அங்கேதான் இலக்கியச் சபை. சபை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். ஹொட்டேல் சமையலறையில் வேலை செய்யும் கவிஞர் சிறீதரன், துறைமுகத்தில் மீன் வைத்த பணிஸ் ரொட்டி விற்கும் லூர்தம்மா, பிறகு நம்முடைய ஆள். இரண்டு கூடைகளை எதிரெதிரே இழுத்துப்போட்டு, கேத்திலில் தண்ணீரைக் கொதிக்க விட்டால் சபை கூடிவிட்டது என்று பொருள். 'கூடை மன்றம்' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். சிறீதரன் வாசிப்பார், லூர்தம்மா குறை சொல்வார், நவரத்தினம் தொடையில் தட்டுவார். தன் வாழ்நாளில் அவர் ஒரு வரி எழுதியதில்லை. "எனக்கு எழுத ஏலாது. எழுதினவனை இன்னொருக்காச் சொல்லவைக்க ஏலும்." கவிதையில் அவருக்கு உள்ள பங்கு அந்த ஒரு சொல்தான். அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன இலையுதிர்காலத்தில் வந்தது வில்லங்கம். பட்டணத்து நூலகம் சிறீதரனை வாசிக்க அழைத்தது. அவர் தமிழில் வாசிக்க, மகள் தேனுஜா ஜெர்மனில் வாசிப்பதாக ஏற்பாடு. ஜெர்மன்காரர் கவிதை கேட்பதைப் பார்த்திருக்கிறீர்களோ? இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். கைதட்டல் எல்லாம் கடைசியில்தான். நவரத்தினமோ கோட்டும் சூட்டுமாக முன்வரிசையில்.

சிறீதரன் ஒஸ்ட்சேயைப் பற்றிய கவிதையை எடுத்தார். அந்தக் கடலில் உப்புக் குறைவு. நம்மவர்கள் முதன்முதல் கால் நனைத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன சப்பெண்டு கிடக்கு" என்று சொல்லும் கடல்.

"உப்புக் காணாத கடலே,
உன்னை யாருக்குப் பத்தியமாய்க் காய்ச்சினார்கள்?"

தட்டு. "இன்னொருக்கா!"

பின்வரிசைப் பெண்மணி ஒருவர் கைப்பையை இறுக்கிப் பிடித்தார். ஒருவர் தண்ணீர்க் குவளையோடு ஓடிவந்தார். ஓய்வுபெற்ற தாதி ஒருவர் நவரத்தினத்தின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்க்கத் தொடங்கிவிட்டார். "என்ர நாடிக்கு ஒண்டுமில்லை, அந்த வரியைப் பாருங்கோ" என்று இவர் தமிழில் சொல்ல, அந்த அம்மா இன்னும் இறுக்கிப் பிடித்தார். தேனுஜாவின் முகம் சிவந்துபோயிற்று.

வீடு திரும்பும் வழியில் சிறீதரன் மெல்லத் தொடங்கினார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இவையின்ர இடங்களிலை கொஞ்சம் அமைதியா இருந்தால் நல்லம்."

"அப்ப நான் குழப்பினனான் எண்டுறீர்."

"அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை..."

"விளங்கீட்டுது."

அந்தக் குளிர்காலம் முழுவதும் நவரத்தினம் மன்றத்துக்கு வந்தார், பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்தார், எழும்பிப் போனார். "என்னண்ணை, வாயிலை கொழுக்கட்டையோ?" என்று லூர்தம்மா சீண்டிப் பார்த்தார். "நான் நாகரிகமாக் கேக்கிறன்" என்று பதில் வந்தது. கோபம் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். கோபம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது, மிஞ்சியது துக்கம். கொட்டகையைப் பூட்டும்போது, அந்த ஒரு சொல்லும் வேண்டாம் என்றால் இந்தச் சபையில் நான் ஆர், தேத்தண்ணி ஊத்துறவனோ என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

வசந்தத்தில் நூலகம் மறுபடி அழைத்தது.

"நான் வரேல்லை. கூடைக்கு வார்னிஷ் அடிக்கவேணும்."

"நல்லது, நானும் போகேல்லை" என்றார் லூர்தம்மா. "அந்தாள் தன்ர பெட்டை தேனுஜாவுக்கே தமிழிலை வாசிச்சிட்டு வரட்டும்."

ஆகவே நவரத்தினம் போனார். கோட்டும் இல்லை, சூட்டும் இல்லை, கடைசி வரிசை. நம்பிக்கை இல்லாத ஆட்களைக் காவலில் வைப்பதுபோல, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் லூர்தம்மா.

சிறீதரன் வாசித்தார். மண்டபம் மூச்சு விடவில்லை. நூலகத்தார் விரும்பிக் கேட்டதால் கடல் கவிதை மறுபடியும் வந்தது. உப்புக் காணாத கடலே என்று தொடங்கி, பத்தியமாய்க் காய்ச்சினார்கள் என்பதில் வந்து நின்றார்.

நின்றவர் நின்றார்தான். தேனுஜா ஜெர்மன் தாளோடு காத்திருந்தாள். சிறீதரன் வாயைத் திறந்தார். அடுத்த வரி வரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் கண் நிலைத்தது.

"அண்ணை" என்றார் ஒலிவாங்கியில். "எனக்கு அங்கால போக ஏலாமல் கிடக்கு."

சபையினர் இதுவும் கவிதை என்று எண்ணி ஆழ்ந்து தலையசைத்தார்கள். இதை மொழிபெயர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் தேனுஜா தகப்பனைப் பார்த்தாள். நவரத்தினம் லூர்தம்மாவைப் பார்த்தார். லூர்தம்மா தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்து, அவர் பக்கம் இல்லாத மற்றப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

நவரத்தினம் தொடைக்கடியிலிருந்து வலக்கையை உருவி எடுத்தார். விறைத்துப் போயிருந்தது. இரண்டு தரம் உதறினார். பிறகு, ஓங்கி, தொடையில் ஒரு தட்டு.