ஆறாயிரம் அடியில் ஆறு உருளைகள்

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களில் மெக்கானிக் அலவியிடம் ஏச்சு வாங்காதவர் யாருமில்லை. "ஒயில் மாத்தி எத்தின மாசம்? புள்ளைக்கும் இப்பிடித்தான் பட்டினி போடுறீங்களா?" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். ஏச்சு முடிந்ததும் வண்டியை முடுக்கி, கண்ணை மூடி, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார். அரை நிமிஷத்தில் நோய் பிடிபட்டுவிடும். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று அவருக்கு வேலை நடக்காது. காது இருக்கிற மனிதனுக்கு மீட்டர் எதற்கு? ஐம்பத்தாறு வயதில் அவருக்கு இருந்த ஒரே திமிர் அந்தக் காதுதான்.

கியர் இல்லாத ஸ்கூட்டரின் பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பெல்ட் ஓடும். அதன் முன்பக்கத்துக் கப்பிக்குள் விரல் நுனி அளவில் ஆறு உருளைகள் இருக்கும். எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவற்றின் எடை. கனமாகப் போட்டால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பெட்ரோல் மிஞ்சும், ஆனால் மேட்டில் திணறும். இலேசாகப் போட்டால் சத்தம் போட்டுச் சுற்றி மேட்டையும் ஏறும், பெட்ரோலையும் குடித்துத் தீர்க்கும். இரண்டாயிரத்து இருபத்திரண்டில், தட்டுப்பாட்டில் கியூஆர் குறியைக் காட்டி வாரத்துக்கு நாலு லீட்டர் பெட்ரோலுக்காக ஊரே தெருவில் வரிசையாக நின்ற நாட்களில், கொழும்புக்குத் தேவைப்பட்டது கனம். அலவி பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப்பிடித்து, பதினைந்து கிராம் உருளை இருந்த இடத்தில் பதினெட்டைப் போட்டுக் கொடுத்தார். கொழும்பில் மேடு என்று சொல்ல இருப்பது கோர்ட் இருக்கிற புதுக்கடை ஏற்றம்தான். கோர்ட்டுக்குப் போகிறவனுக்கு அதில் என்ன அவசரம்? வெள்ளவத்தையிலிருந்துகூட ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஆனால் முதன்முதலில் அவர் கனம் கூட்டிய வண்டி மகள் அம்னாவுடையது.

அந்த அம்னாவுக்கு இந்த வருஷம் ஜனவரியில் ஆசிரியை நியமனம் வந்தது. மலைநாட்டில், நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம், கணக்குப் பாடம். உம்மா லுத்பியா இரண்டு நாள் அழுதாள். அலவி அழவில்லை, வண்டியைக் கழுவித் துடைத்து, ரயிலில் நானுஓயாவுக்கு அனுப்பிவைத்தார். உருளைகளை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை. மலை என்றால் புதுக்கடை ஏற்றம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

இரண்டாவது வாரமே அழைப்பு வந்தது.

"வாப்பா, வண்டி ஏறுதில்ல. பாதியில எறங்கித் தள்ளுறேன்."

அம்னா தங்கியிருந்த அறையிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். மூன்றும் ஏற்றம். அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் பஸ் கிடையாது. பள்ளிக்கூடத்தில் காலை ஏழரைக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தால் பிந்தியதாகக் கணக்கு. மூச்சிரைக்க, சேலைக் கரையெல்லாம் சேறாக அவள் போய்ச் சேரும்போது பல நாட்களில் கோடு காய்ந்திருக்கும். நியமனம் இன்னும் உறுதியாகாத டீச்சர். மார்ச் முடிவதற்குள் பதினொரு தரம் கோட்டுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னொருக்கா பிந்தினா வலயக் கல்வி ஆபீசுக்கு எழுதுவாராம், வாப்பா. அதிபர் நல்ல மனுசன்தான். அவருக்கும் வேற வழியில்ல."

"அழவாணாம் மகள். வாப்பா இரிக்கேன்தானே," என்றார் அலவி.

இருந்துதான் என்ன? இருந்தது கடல் மட்டத்தில், அவளோ ஆறாயிரம் அடிக்கு மேலே. அங்கே சின்னராசா என்று ஒரு மெக்கானிக் அகப்பட்டார். அலவி பதினேழு கிராம் உருளைகளைப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் அனுப்பினார். சின்னராசா பழையதைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் முறை வைத்து அலவியிடம் போனிலேயே சொன்னார்:

"நானா, எந்த மடையன் இவ்வளவு கனத்தப் போட்டுத் தொலைச்சான்?"

ஊருக்கெல்லாம் ஏச்சு வழங்கிய அலவி அன்றைக்குத் திருப்பி ஏசவில்லை. மாட்டிப் பாருங்க என்று மட்டும் சொன்னார்.

பதினேழும் சரிவரவில்லை. பதினாறு அனுப்பினார், பிறகு பதினைந்து. ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வண்டி ஒன்றில் அதே உருளையைப் போட்டுப் புதுக்கடை ஏற்றத்தில் விட்டுப் பார்ப்பார், பறக்கும். மேலே அனுப்பினால் முனகும். அம்னா போனை ஹாண்டிலில் கட்டிவைத்து ஓட்டுவாள், அவர் இங்கே கண்ணை மூடிக் கேட்பார். காற்றின் இரைச்சலும் மழையும்தான் காதில் விழும். இடையில் எங்கோ எஞ்சின் செத்துக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். வரிசையில் நின்ற காலத்துப் பயம் அவர் கையைவிட்டுப் போயிருக்கவில்லை. ஒவ்வொரு கிராமாகத்தான் குறைத்தார், ஏதோ தன் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுப்பதுபோல. அந்தக் கஞ்சத்தனத்தில் மகளுக்கு ஆறு வாரம் போனது.

"காத்து கம்மிங்க நானா இங்க," என்றார் சின்னராசா. "எஞ்சினுக்குப் பாதி மூச்சுதான் கெடைக்கிது. நீங்க கீழ இருந்துகிட்டு கணக்குப் போட்டா எப்புடி? ஒருவாட்டி வந்து பாருங்க."

"நான் போய் அவள ஸ்கூல் கேட் வரைக்கும் ஏத்திவிட்டுட்டுத்தான் வாற," என்று லுத்பியாவிடம் சொல்லிவிட்டு, பதினான்கிலிருந்து பதினொன்று வரை நாலு வகை உருளைகளையும் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ரயில் ஏறினார். ஏற்கனவே சளி. ஹட்டன் தாண்டும்போது இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. நானுஓயாவில் இறங்கியபோது உலகம் தலையணைக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தார், மூக்கைப் பொத்தி ஊதிப் பார்த்தார், விழுங்கிப் பார்த்தார். அடைப்பு அடைப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னராசாவின் கொட்டகையில் வண்டியை முடுக்கினார்கள். அலவி வழக்கம்போலக் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. திரும்பச் சாய்த்தார். அம்னா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குக் கேக்குதில்ல மகள்," என்றார். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

சின்னராசா மேசையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு மீட்டரை எடுத்து, அதன் வயரை பிளக் வயரில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். ஏற்றத்தின் அடிவாரத்தில் அம்னாவை ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். ஏற்கனவே இருந்த பதினைந்து கிராமில் எஞ்சின் நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டவில்லை. பதின்மூன்று கிராமில் ஐயாயிரத்துச் சொச்சம். பன்னிரண்டு கிராம் போட்டு, பின் கிளட்ச் ஸ்பிரிங்கையும் ஒரு படி இறுக்கமானதாக மாற்றியதும் மீட்டர் ஆறாயிரத்து எண்ணூறில் போய் நின்றது. அம்னா முதல் வளைவு வரை போய்த் திரும்பி வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதமாக அந்தச் சிரிப்பை அலவி காணவில்லை.

"அந்த மடையன் நான்தான்," என்றார் சின்னராசாவிடம். "பதினெட்டுப் போட்டது."

"அது அப்பவே தெரியும் நானா. நீங்க சும்மா இருந்தீங்கல்ல," என்று சொல்லிவிட்டு சின்னராசா கையைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. மழை இல்லை, பனிமூட்டம் மட்டும். அலவி கம்பளித் தொப்பியோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தாங்குமா வாப்பா என்று அம்னா கேட்டாள். "என்ட கையால செஞ்சது, தாங்காதா?" என்றார். பள்ளிக்கூட வாசலையும், அவள் நடந்து உள்ளே போவதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் லுத்பியாவிடம் போய்ச் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். அவருக்கும் தூக்கம் வரும்.

முதல் வளைவை வண்டி ஏறியது. இரண்டாவதையும் ஏறியது. மூன்றாவதில், தேயிலைச் சரிவை ஒட்டித் தெரு செங்குத்தாக நிமிரும் இடத்தில், சீட்டுக்கு அடியில் எஞ்சின் தளர்வதை அவர் தொடையில் உணர்ந்தார். அம்னா முழுக்க முறுக்கினாள். வண்டி நடையைவிட மெதுவாக ஊர்ந்து, குலுங்கி, நின்றது. அவள் கால் ஊன்றி, மறுபடி முடுக்கிப் பார்த்தாள். இரண்டு முழம் போனது. இனி பன்னிரண்டை எடுத்துப் பதினொன்று போட்டாலும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். எஞ்சின் எந்த வேகத்தில் இழுக்க வேண்டும் என்றுதான் உருளை சொல்லும். இல்லாத பலத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? இந்தக் காற்றில் இந்த எஞ்சினுக்கு இருப்பது ஒரு ஆளை ஏற்றும் பலம். அவர் மட்டும் எண்பத்தேழு கிலோ.

மணி ஏழு பதினான்கு. அம்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மேலே தெருவைப் பார்த்தாள், திரும்பி அவரைப் பார்க்கவில்லை.

"வாப்பா," என்றாள்.

"எறங்குறேன், எறங்குறேன்," என்று அவசரமாக இறங்கினார். அவள் வாயால் அதைச் சொல்ல வைத்துவிடக் கூடாது என்ற அவசரம்தான். கால் வழுக்கி, மகளின் தோளைப் பிடித்து நின்றார். "நீ போ. கோடு இழுத்துருவார். போ மகள்."

"நீங்க எப்பிடித் தனியா எறங்குவீங்க?"

"இது என்ன, நடக்க ஏலாதா எனக்கு? போ."

அவள் முடுக்கினாள். சுமை இறங்கிய வண்டி உறுமி எழுந்து மேட்டைப் பிடித்தது. அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், வளைவில் திரும்பி மூட்டத்துக்குள் போய்விட்டாள். அலவி பின்னாலேயே விறுவிறென்று நடந்தார். பதினைந்து அடி போவதற்குள் மூச்சு அடைத்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருவோரக் கல்லில் குந்தினார். இந்த வண்டி ஏற வேண்டும் என்று இரண்டு மாதமாகத் துஆ கேட்டவர் அவர். இப்போது ஏறிவிட்டது, அவர் இல்லாமல். நெஞ்சு நிறைய வேண்டிய நேரத்தில் அவருக்கு அழுகைதான் வந்தது, தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் நாலைந்து பேர் மேட்டில் ஏறி வந்தார்கள். அவர்களில் ஒரு சின்னப் பெண், மேலே போக வேண்டுமா தாத்தா, கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். இல்லை, கீழே என்று கையால் காட்டினார்.