பூட்டிய மில்லில் ஏழு பேர்

கான்ட்ராக்ட் எடுத்துக் கம்ப்யூட்டர் வேலை செய்யப் போகிறேன் என்று நான் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்த ரோடு?" என்பதுதான். அன்றைய ஸ்ரீவில்லிபுத்தூரில் கான்ட்ராக்ட் என்றால் தார் ரோடு, பாலம், வாய்க்கால். கையில் பையோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்ப் புரோகிராம் எழுதிக் கொடுப்பதும் கான்ட்ராக்ட்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அப்பா நம்பவில்லை. அவர் நம்பாததற்காக நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டரை அதன் உரிமையாளர் திடீரென்று பூட்டிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார். எனக்கு வயது இருபத்து நான்கு. என் சொத்து ஒரு டிப்ளமோ, ஒரு டஜன் ஃப்ளாப்பி, மூக்கு நுனியில் கோபம். சென்னையில் அண்ணன் தன் கம்பெனியிலேயே எனக்கு டேட்டா என்ட்ரி வேலை பார்த்து வைத்திருந்தான். சென்னை எனக்குப் பிடிக்காமலில்லை. ஆனால் யாரோ எழுதி வைத்ததைக் காலை முதல் மாலை வரை தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை ஏது? நான் புரோகிராம் எழுதுகிறவள். அந்தக் கர்வம் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

"மூணு மாசம் குடுங்க. ஒரு மில்லாவது கிடைக்கலைன்னா வாயப் பொத்திக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

"நீ? வாயப் பொத்திக்கிட்டு?" என்றார் அப்பா. ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ராஜபாளையம் பஸ்தான். அரை மணி நேரப் பயணம். ஒவ்வொரு மில் வாசலிலும் வெளியாட்களுக்கென்று ஒரு நோட்டு இருக்கும். பெயர், ஊர், வந்த நேரம், வந்த காரியம் என்று கட்டம் கட்டியிருக்கும். கடைசிக் கட்டத்தில் வாட்ச்மேன் 'இன்டர்வியூ' என்று எழுதுவார். நான்கு இடங்களில் அப்படி எழுதினார்கள். ஓர் இடத்தில் என்னை டைப் அடிக்கச் சொல்லி நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். இன்னோர் இடத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, மானிட்டரின் சந்தனப் பொட்டைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் வந்தவர், "ஒங்க கம்பெனியில எத்தன பேரு?" என்றார். "நான்தான் கம்பெனி" என்றேன். "அப்ப நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா கம்பெனியும் படுத்துருமே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா மில்ல மூடிருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்த வேலை எப்படிக் கிடைக்கும்?

ஐந்தாவதாகப் போனது ஊருக்கு வெளியே இருந்த ஒரு நடுத்தர நூல் மில். முதலாளி வேட்டி கட்டியவர். போனில் வீட்டாரோடு தெலுங்கில் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒன் ஆபீஸ் எங்கனம்மா இருக்கு?"

மடியிலிருந்த பையைக் காட்டினேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தொழிலாளர் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், முடியுமா என்று கேட்டார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்த புரோகிராமை ஓட்டிக் காட்டினேன். ஆள் கேட்டில் பித்தளை டோக்கனைக் கொடுத்தால், டைம் ஆபீஸில் இருப்பவர் அதன் எண்ணையும் ஷிஃப்ட்டையும் மட்டும் தட்டினால் போதும். தேதியையும் மணியையும் மெஷினே போட்டுக்கொள்ளும்.

"தேதியில யாரும் கை வைக்க முடியாது சார். டைம் ஆபீஸ்ல இருக்கிறவங்களாலகூட முடியாது" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

சொல்லும்போதே அறை ஓரத்தில் நின்றிருந்த பெரியவரைப் பார்த்தேன். காதில் பென்சில் செருகியிருந்த அவர்தான் டைம் ஆபீஸ். இருபது வருடமாக அந்த மில்லின் மஸ்டர், அதாவது வருகைப் பதிவேடு, அவர் கையெழுத்தில்தான் இருந்தது. மெஷின் வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று இவர் நினைப்பார், எனக்குக் குழி பறிப்பார் என்று அந்த நிமிடமே முடிவுகட்டிவிட்டேன். அவரோடு ஒரு வார்த்தைகூட அதுவரை நான் பேசியிருக்கவில்லை.

முதலாளி ஒரு வாரம் கொடுத்தார். "நம்ம மஸ்டர் ஒரு பக்கம், ஒன் மெஷின் ஒரு பக்கம். அடுத்த திங்கக்கெழம ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்போம். ஒண்ணுபோல இருந்தா வேல ஒனக்கு. இல்லன்னா மதுரக் கம்பெனிக்காரன் ரெடியா நிக்கான்."

அந்தத் திங்களுக்கு இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, என் மூன்று மாதம் முடிவதாக இருந்தது. அந்தப் புதன்கிழமை புறப்படும் சென்னை பஸ்ஸில் அப்பா எனக்குச் சீட்டு எடுத்துவிட்டார். "கெடச்சா கேன்சல் பண்ணிக்கலாம்" என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு வாரமும் ஒழுங்காகத்தான் ஓடியது. தினமும் பகலில் போய் மெஷின் பட்டியலையும் மஸ்டரையும் ஒத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை முதலாளியின் மேஜையில் மஸ்டரும் பிரின்ட் எடுத்த தாளும் அருகருகே இருந்தன. முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளில் ஓரிடத்தைத் தொட்டார்.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம நம்ம மில்லு லீவு. பூட்டுன மில்லுக்குள்ள ஏழு பேரு எப்பிடிம்மா வேல பாத்தான்?"

எட்டிப் பார்த்தேன். ஞாயிறு, மூன்றாம் ஷிஃப்ட், ஏழு பேர் வருகை. அதே ஏழு பேருக்கும் சனிக்கிழமை ஆப்சென்ட். மஸ்டரில் ஏழு பேரும் சனிக்கிழமை வேலைக்கு வந்தவர்கள். புதன்கிழமை பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும். டைம் ஆபீஸ் பெரியவர் பக்கம் திரும்பினேன்.

"மெஷின் கடிகாரத்துல கை வச்சீங்களா? வேணும்னேதானே பண்ணினீங்க?"

பெரியவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தார்.

"கடிகாரத்த நான் தொடல தாயி. சனிக்கெழம ராத்திரி சோழபுரத்துல இருந்து ஆளக் கூட்டிட்டு வார நம்ம மில்லு வேன் பஞ்சர். அவிய ஏழு பேரும் வந்து சேர பன்னெண்டே காலு ஆயிட்டு. பன்னெண்டுக்கு மேல யாரையும் உள்ள விடுறதில்ல. வேன் நம்ம வேனு, அவிய மேல என்ன தப்பு இருக்கு? நாந்தான் விட்டேன். எழுதி வச்சிருக்கேன் பாருங்க."

பன்னிரண்டே கால். எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியதுபோல் இருந்தது. மூன்றாம் ஷிஃப்ட் நடுராத்திரி பன்னிரண்டுக்குத் தொடங்கி காலை எட்டு வரை. மற்ற நாட்களில் எல்லாரும் பன்னிரண்டுக்கு முன்பே டோக்கன் கொடுத்துவிட்டதால் என் புரோகிராம் அன்றைய தேதியையே போட்டது. அந்த ஏழு பேர் பன்னிரண்டைத் தாண்டி வந்ததும் மெஷின் ஞாயிறு என்று போட்டுவிட்டது.

"பன்னெண்டுக்கு மேல ஞாயித்துக்கெழமதானே அண்ணாச்சி?" என்றேன்.

"ஒங்க வீட்டுல அப்பிடித் தாயி. மில்லுல காலம்பற எட்டு மணிச் சங்கு ஊதுனாத்தான் அடுத்த நாளு. அது வரைக்கும் சனிக்கெழமதான்."

அந்த ஊரில் நூல் மில்லுக்குள் கால் வைத்த எவருக்கும் இது தெரியும். ஒருவரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான்தான் யாரையும் கேட்கவில்லையே! கேட்க வேண்டியவரை எதிரி என்று முடிவுகட்டி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது.

"ராத்திரி ஷிஃப்டுக்கும் நீங்களேவா வந்தீங்க?"

"ஒரு வாரம் மூணு ஷிஃப்டுக்கும் ஆளு வார நேரத்துல நாந்தான் ஒக்காந்து தட்டுனேன். புதுப் பயலுவ தப்பா அடிச்சு ஒன் பரீட்ச கெட்டுறக் கூடாதுல்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்தேன். "தப்பு என் மேலதான் சார். அண்ணாச்சியைச் சொன்னதும் தப்பு" என்று முதலாளியிடம் சொன்னேன். அனுமதிகூடக் கேட்காமல் மெஷின் முன் போய் உட்கார்ந்தேன். நான்கே வரி. மூன்றாம் ஷிஃப்ட் ஆள் காலை எட்டு மணிக்கு முன் வந்தால் தேதியில் ஒரு நாளைக் குறைத்துக்கொள். பழைய பதிவுகளை மறுபடி ஓட்டினேன். பிரின்டர் கிர்ர் கிர்ரென்று ஒவ்வொரு வரியாகத் தள்ளியது. ஞாயிறு காலி. சனிக்கிழமை ஏழு பேரும் வந்துவிட்டார்கள்.

முதலாளி தாளைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பெரியவரிடம் கேட்டார்.

"மெஷினோட நாளு பூரா மல்லுக்கட்டப் போறது நீரு. நீரே சொல்லும். இந்தப் பொண்ணா, மதுரக்காரனா?"

ஐந்து இன்டர்வியூவுக்குப் போனவளுக்கு அசல் இன்டர்வியூ அப்போதுதான் தொடங்கியது. கேள்வி கேட்கப் போகிறவர், ஐந்து நிமிடம் முன்பு நான் வாய்க்கு வந்தபடி பேசியவர். புதன்கிழமை பஸ்ஸுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"பொறவும் வேனு பஞ்சர் ஆச்சுன்னா நீ வருவியா தாயி?" என்று கேட்டார்.

"வருவேன் அண்ணாச்சி. அரை மணி நேரத்துல வந்துருவேன்."

"மில்லு வழக்கம் ஏதாச்சும் தெரியலன்னா?"

"ஒங்களக் கேப்பேன்."

"மொதல்ல கேப்பியா, ஏசிட்டுக் கேப்பியா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. "மொதல்ல கேப்பேன்" என்றேன்.

"இருந்துட்டுப் போவுது மொதலாளி. மதுரக்காரன்னா ட்ரங்க் கால் போட்டுல்லா கூப்பிடணும்" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். மில்லின் இரைச்சல் அதுவரை என் காதில் விழவே இல்லை போலிருக்கிறது, அப்போதுதான் கேட்டது. எனக்கு அப்படிப் பசித்தது. காலையில் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். அடுத்தவர் எழுதியதைத் தட்ட வேண்டாம். அப்பா அந்தச் சீட்டை ரத்து செய்துவிடலாம்.

பெரியவர் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தார். "கோவத்துல என்னென்னமோ பேசிட்டேன் அண்ணாச்சி, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"வச்சுக்கிடத்தான் செய்வேன். அடுத்த தடவ நீ கத்தும்போது சொல்லிக் காட்டணும்ல" என்றார்.

கேட்டில் நான் வெளியே போகும் நேரத்தை எழுத வாட்ச்மேன் நோட்டைப் பிரித்தார். என் பெயருக்கு நேரே, வந்த காரியம் என்ற கட்டத்தில், காலையில் எழுதிய 'இன்டர்வியூ' இருந்தது. பெரியவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மஸ்டரில் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில் 'வேலை' என்று எழுதினார்.